நல்ல பூசணம்

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துக்குப் பிறகு, இந்த உலகத்தில் ஏதாவது ஒரு விஷயம் தனக்குத் தெரிந்து இந்திராணிக்குத் தெரியாததாக இருந்தே தீர வேண்டும் என்று திருநாவுக்கரசு சபதம் எடுத்தார். எடுத்தது மனசுக்குள்தான். சத்தமாக எடுத்தால் அதுவும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சபதத்துக்குக் காரணம் ஒரு மூட்டை அரிசி. திருநாவுக்கரசு அந்தமானில், டாலிகஞ்சில் ஒரு ரிசார்ட் கம்பெனியின் குடோனில் ஸ்டோர்கீப்பர். பருப்பு, துண்டு, தலையணை, தேங்காய் எண்ணெய் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற அத்தனையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக்கு வாங்கி வந்த மூட்டையை இந்திராணி பிரிக்கக்கூட இல்லை. கராச்சர்மாவில் இருக்கும் தங்கள் வீட்டு வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள். அவ்வளவுதான்.

"இது கப்பல்ல நனைஞ்ச அரிசி."

"மூட்டை தச்சது தச்சபடி இருக்கேம்மா!"

"தச்சது சாக்கை. வாடைக்கு யாரு தையல் போட்டா? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கடைக்காரர் நம்பிக்கையில்லாமல்தான் பிரித்தார். அடிமூட்டையில் ஒரு படி அரிசி பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. "உங்க வீட்டுக்காரம்மா மூக்கு கஸ்டம்ஸ்ல இருக்க வேண்டியது பாய்சாப்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வேறு மூட்டை கொடுத்தார். திருநாவுக்கரசு அதைத் தோளில் சுமந்துகொண்டு மழையில் நடந்து வந்தபோதுதான் சபதம் பிறந்தது.

அந்தமானில் வருஷத்தில் எட்டு மாதம் மழை. அந்த எட்டு மாதமும் இந்திராணிக்கும் பூசணத்துக்கும் யுத்தம். பெல்ட் பூக்கும். செருப்பு பூக்கும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில் மட்டும் பூக்கும். இந்திராணி பீரோவுக்குள் நூறு வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, இரவும் பகலும் எரியவிட்டு, சேலைகளைக் காப்பாற்றி வந்தாள். பூசணம் எந்த மூலையில் எப்போது தலையெடுத்தாலும் அது கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் மூக்குக்குத் தகவல் வந்துவிடும். புருஷன் பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார் என்பதும் அப்படித்தான் வரும்.

சபதம் எடுத்த அன்று மத்தியானமே கடவுள் வழி காட்டினார். வழி மும்பையிலிருந்து வந்தது. தங்க ஃப்ரேம் கண்ணாடி, வழுக்கைத் தலை, கையில் ஒரு தோல் பெட்டி. மேனேஜர் எல்லோரையும் ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு, "இவர் வைன் நிபுணர்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து குடோன் முழுக்க அவருக்கு வைன் சாஹப் என்று பெயர் நிலைத்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு சில வருஷம் ஆள் வராமல் கிடந்த தீவுகளுக்கு இப்போது ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஹேவ்லாக் தீவில் கம்பெனி புதிதாகக் கட்டிய ரிசார்ட்டில் பணக்கார விருந்தாளிகளுக்குச் சாப்பாடு முடிந்ததும் ஒரு விசேஷ இனிப்பு வைன் பரிமாறப் போகிறார்களாம். அரை பாட்டில் ஒன்பதாயிரம் ரூபாய். அதைக் காபந்து பண்ணவும், அதில் என்னென்ன ருசி இருக்கிறது என்று விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொல்லவும் ஸ்டாஃபிலிருந்தே ஓர் ஆள் வேண்டும்.

"இந்த வைன் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா?" என்று வைன் சாஹப் இந்தியில் ஆரம்பித்தார். "திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே விடுவார்கள். காலையில் பனி, மதியம் வெயில். பழத்தின் மேல் பூஞ்சை வரும். அது தோலில் ஓட்டை போடும். தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போகும். பழம் சுருங்கி, அழுகி, சாம்பல் நிறமாகி, பார்த்தால் வாந்தி வரும். அப்போதுதான் பறிப்பார்கள். ஒரு கொடியில் ஒரு கிளாஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இதற்கு உன்னத அழுகல் என்று பெயர்."

திருநாவுக்கரசுக்குத் தன் பெல்ட் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்குக்குக் கராச்சர்மாவே உன்னதமான ஊர்தான்.

"தேர்வாகிறவர் ஹேவ்லாக்கிலேயே தங்க வேண்டும்" என்றார் மேனேஜர். "ரூம், சாப்பாடு ஃப்ரீ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம்."

ஏசி ரூமில் ஒரு நாதஸ்வரம் ஒலித்தது. திருநாவுக்கரசுக்கு மட்டும் கேட்டது. வாரத்தில் ஆறு நாள்! ஈரத் துண்டைக் கட்டிலில் போடலாம். சாப்பிட்ட தட்டை அடுத்த நாள் கழுவலாம். சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்து "நேத்து டீக்கடையில என்ன பஜ்ஜி?" என்று கேட்க ஆளில்லை. கை தானாக உயர்ந்தது.

"உங்கள் பெயர்?"

"திருநாவுக்கரசு, சார்."

"அர்த்தம்?"

"நாக்குக்கு ராஜா சார்."

வைன் சாஹப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரைப் புது மரியாதையுடன் பார்த்தார்.

கை தூக்கிய இன்னொருத்தன் பாரில் வேலை பார்க்கும் யோகராஜ். அவன் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் பால் வெட்டியவர்கள். திருநாவுக்கரசின் மேல் அவனுக்கு உடன்பிறப்பு மாதிரிப் பாசம். இருவருக்கும் ஆளுக்கொரு சின்னக் குப்பியில் பொன்னிறமான வைனை ஊற்றிக் கொடுத்தார் வைன் சாஹப். வாயில் ஊற்றி, உருட்டி, துப்பிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்து இதில் என்னென்ன ருசி என்று சொல்ல வேண்டும்.

"இனிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எறும்பே சொல்லும்."

அன்று சாயங்காலம் திருநாவுக்கரசு குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஒரு சொட்டை நாக்கில் விட்டார். கண்ணை மூடினார். உருட்டினார். துப்பினார். இன்னொரு சொட்டு. மறுபடியும் உருட்டல். எறும்பு சொல்வதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, செல்போனில் யோகராஜைக் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்கு என்ன தெரியுது?"

"சீனித்தண்ணி அண்ணே. அதுக்கு மேல என்னால ஏலாது. உங்களுக்கு?"

"அது... நிறைய தெரியுது. வரிசைப்படுத்திக்கிட்டு இருக்கேன்."

வெளியே இந்திராணி கதவைத் தட்டினாள். "உள்ள யாரோட பேச்சு?"

"பாட்டு!"

"பாட்டுல தம்பின்னு வருதா?"

குப்பியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தவருக்கு அலமாரியில் இருந்த திராட்சாரிஷ்டம் கண்ணில் பட்டது. வயிற்று மந்தத்துக்கு இந்திராணி வாங்கி வைத்திருந்த மருந்து. மூளையில் பல்பு எரிந்தது. இந்த வீட்டில் ஒரு மூக்கும் நாக்கும் சும்மா கிடக்கும்போது எதற்குத் தன் நாக்கைக் கஷ்டப்படுத்த வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. குடிக்க மாட்டேன் என்று மாமனார் ஒச்சப்பன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணித்தான் அவர் இந்திராணியைக் கட்டினார். துப்பினால் சத்தியம் உடையுமா உடையாதா என்று அவளிடம் விளக்கம் கேட்க அவர் தயாராக இல்லை. ஒரு காலி அரிஷ்ட பாட்டிலைத் தேடி எடுத்து, கழுவி, குப்பியை அதில் கவிழ்த்தார்.

"இந்திரா, இந்த அரிஷ்டத்தைக் கொஞ்சம் ருசி பாரேன். புது கம்பெனி. குடோனுக்கு வந்திருக்கு. என்னென்ன சேர்த்திருக்கான்னு உன் நாக்குக்குத்தான் தெரியும்."

இந்திராணி ஸ்பூனில் ஊற்றியதைப் பார்த்தாள். "அரிஷ்டம் கறுப்பால்ல இருக்கும்?"

"வடிகட்டினது."

"ம்."

ருசி பார்க்கும்போது எதையும் விழுங்காமல் துப்பிவிடுவது அவள் வழக்கம். குழம்புக்கு உப்புப் பார்த்தாலும் தொட்டியில் துப்பி வாய் கொப்பளிப்பாள். ஸ்பூனை வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். துப்பினாள். திருநாவுக்கரசு பேனாவுடன் தயாராக நின்றார்.

"தேன். கொம்புத்தேன், கடைத்தேன் இல்ல."

"ம், ம்."

"காஞ்ச நார்த்தங்காய்த் தோலு. கடைசியா தொண்டைகிட்ட சுக்கு. அப்புறம்..." அவள் நெற்றி சுருங்கியது. "இதுல பூசணம் இருக்கு."

திருநாவுக்கரசுக்குப் புல்லரித்தது. "ஐயையோ, கெட்டுப்போச்சா?"

"இல்ல. இது நல்ல பூசணம்."

"பதினாலு வருஷமா பூசணத்தோட மல்லுக்கட்டுற. அதுல நல்லது வேற இருக்கா?"

"புருஷன்லயே நல்லது கெட்டது இருக்கும்போது, பூசணத்துல இருக்காதா?"

"நான் எதுல சேர்த்தி?"

"நீங்க இன்னும் பூக்கலை" என்றுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

புதன்கிழமை ஏசி ரூமில் திருநாவுக்கரசு வாயில் வைனை உருட்டி, வாளியில் துப்பி, கூரையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். அங்கேதான் எல்லாம் எழுதியிருந்தது. பயத்தில் கை வியர்த்து நாலாவது வரி பாதி அழிந்துபோயிருந்தது.

"ஷஹத்" என்று தேனில் ஆரம்பித்தார். வைன் சாஹப் தலையாட்டினார். காய்ந்த நார்த்தங்காய்த் தோலை, வெயிலில் காயவைத்த பெரிய எலுமிச்சைத் தோல் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். வைன் சாஹப் நாற்காலி நுனிக்கு வந்தார். பதற்றத்தில் மூணாவதைத் தாண்டிய கண்ணுக்கு நாலாவது வரியில் 'பூச' வரைக்கும் தெரிந்தது. பூச... பூச... பூசணி!

"கத்து, சார்" என்றார் கம்பீரமாக. பூசணிக்காய்.

வைன் சாஹப் திடுக்கிட்டார். ஆனால் அந்தத் தொழிலில் யார் எதைச் சொன்னாலும் தனக்கும் அது தெரிந்தது போலக் காட்டிக்கொள்வது வழக்கம் போலிருக்கிறது. மெதுவாகத் தலையாட்டி, நோட்டில் பூசணிக்காய் என்று எழுதிக்கொண்டார்.

"அப்புறம் சுக்கு, சார்."

பேனா நின்றது. "சூக்கா?" வைன் சாஹப் முகம் கறுத்தது. இந்தியில் சூக்கா என்றால் காய்ந்தது. வைன்காரர்கள் பாஷையில் இனிப்பே இல்லாதது. "உலகத்திலேயே இனிப்பான வைனைக் குடித்துவிட்டு சூக்கா என்கிறீர்களே?"

"சுக்கு சார். நல்லா சுக்கு. தொண்டையில பஹுத் சுக்கு!"

வைன் சாஹப் பெட்டியை மூடப் போனார். ஹேவ்லாக் கண் முன்னால் கடலில் மூழ்கியது. அப்போது எதிர்ப்போட்டியாளன் யோகராஜ்தான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே விழுந்தான்.

"சாஹப், சூக்கா நஹி! சோண்ட்! அத்ரக் காயவச்சா வருமே, அது!"

"காய்ந்த இஞ்சியா?" வைன் சாஹப் தன் கிளாஸை எடுத்து மறுபடியும் உறிஞ்சினார். கண்கள் விரிந்தன. "காய்ந்த இஞ்சி! இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நாக்குக்கு ராஜா, நீங்கள் எங்கேயய்யா இத்தனை நாள் இருந்தீர்கள்?"

"குடோன்ல சார்" என்றார் திருநாவுக்கரசு அடக்கமாக.

அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். இரண்டாவது குப்பியும் அரிஷ்ட பாட்டிலுக்குள் இறங்கியது. இந்திராணி குங்குமப்பூ என்றாள், கறுத்த வாழைப்பழத் தோல் என்றாள், அதே நல்ல பூசணம் என்றாள். இந்தத் தடவை அவர் காகிதத்தில் எழுதினார். வெள்ளிக்கிழமை வைன் சாஹப் எழுந்து நின்று கை கொடுத்தார். யோகராஜ் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு, "அண்ணே, நீங்க மனுசனே இல்ல" என்றான். இனி மூன்றாவது குப்பி ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. மேனேஜர் ஹேவ்லாக் போக ஃபெரி டிக்கெட்டுக்கே சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இந்திராணி சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். வழியில் யோகராஜின் பெண்டாட்டி ஜெயராணியைப் பார்த்தாளாம்.

"என்ன சொன்னா?" திருநாவுக்கரசு பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டார்.

"என்னத்தைச் சொல்லுவா? மீன் விலை." இந்திராணி பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து வைத்தாள். "ஆமா, ஹேவ்லாக்ல மழை எப்படிங்க? இங்க மாதிரிதானா?"

பேப்பர் கொஞ்சம் மேலே ஏறியது. "எ... எதுக்குக் கேக்குற?"

"சும்மா. துணி காயுமான்னு."

"அங்கயும் மழைதான்."

"பாவம், அங்க இருக்கிற ஆம்பளைங்க ஈரத்துண்டை எங்க போடுவாங்களோ" என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிக்காயை நறுக்க உட்கார்ந்தாள்.

பொம்பளைகளுக்குச் சந்தைக்குப் போய்வந்தால் ஊர் உலகத்து நினைப்பெல்லாம் வரும் என்று திருநாவுக்கரசு தன்னைத் தேற்றிக்கொண்டார். பயமுள்ளவன் எதையும் நம்புவான். சாயங்காலம் வழக்கம்போல ஸ்பூனை நீட்டினார்.

இந்திராணி இந்தத் தடவை ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்தாள். துப்பினாள். நிதானமாகச் சொன்னாள்.

"எழுதிக்கங்க. ஊறுகாய் ஜாடி வாயில கட்டுன துணி."

"துணியா?"

"துணிதான். புளிப்பும் உப்பும் எண்ணெயும் ஏறி, வெயில்ல விறைச்சுப் போயிருக்குமே. அப்புறம் பனங்கற்கண்டு. அடிப்பக்கம் இருக்கிற கட்டி, நூலோட. அப்புறம் கொடுக்காப்புளி. சிவந்தது, நல்லாச் சிவந்தது இல்ல."

"இதையெல்லாம் இந்தியில எப்படிச் சொல்றது?"

"அரிஷ்டத்துக்கு எதுக்குங்க இந்தி?"

திருநாவுக்கரசு அவசரமாகக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திங்கட்கிழமை டாலிகஞ்ச் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மொழிபெயர்த்துக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

ஏசி ரூமில் மேனேஜர், யோகராஜ், வைன் சாஹப் மூவரும் காத்திருந்தார்கள். வைன் சாஹப் ஒரு வாரம் அந்தமான் மழையில் நனைந்து, மூக்கு சிவந்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். மேஜைமேல் வரிசையாக ஐந்து கிளாஸ்.

"முதலில் குப்பி. சொல்லுங்கள், ராஜா."

திருநாவுக்கரசு உருட்டினார், துப்பினார், கூரையைப் பார்த்தார். "அச்சார் ஜாடி கா கப்டா."

"கப்டா?" என்றார் மேனேஜர். "துணியா?"

வைன் சாஹப் மட்டும் அவசரப்படவில்லை. முன்னால் குனிந்து, ஆவலோடு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "என்ன துணி? பருத்தியா? புதுசா, பழசா? என்ன ஊறுகாய்?"

திருநாவுக்கரசின் மூளை வெள்ளையாகிவிட்டது. சட்டை எடுக்க, சந்தா கொடுக்க, தலைமுடி வெட்ட, எதற்கு யார் என்ன கேட்டாலும் பதினாலு வருஷமாக அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வந்து பழக்கம். அது இப்போதும் தானாக வந்தது. இந்தியில் வந்தது.

"பூச்கே பதாதா ஹூம், சார்." கேட்டுச் சொல்றேன்.

"யாரைக் கேட்டு?"

"என்னையக் கேட்டுத்தான்."

குரல் வாசலிலிருந்து வந்தது. தமிழில் வந்தது. திருநாவுக்கரசு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பித்தான் ஆளை அடையாளம் காண வேண்டும் என்கிற நிலை அவருக்கு இல்லை.

இந்திராணி குடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பையிலிருந்து வரிசையாக நாலு டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் காய்ந்த நார்த்தங்காய். ஒன்றில் சுக்கு. ஒன்றில் பனங்கற்கண்டு. கடைசி டப்பாவில் மடித்து வைத்த ஒரு துணி, மஞ்சளாகி, விறைத்து, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு.

"சூங்கியே" என்றாள் வைன் சாஹப்பிடம். முகர்ந்து பாருங்கள்.

மும்பையிலிருந்து வந்த நிபுணர் கைக்குட்டையில் மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு, கராச்சர்மா ஊறுகாய்த் துணியை இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்தார். பிறகு கிளாஸை முகர்ந்தார். மறுபடியும் துணி. மறுபடியும் கிளாஸ். கண்ணை மூடினார்.

"பத்து வருஷமாக இந்த வாசனைக்கு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

திருநாவுக்கரசு மனைவியின் காதருகே குனிந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் ஸ்பூன்லயே. அரிஷ்டம் குடிச்சா பல்லு கறுக்கும். நீங்க நாவுக்கரசுன்னுதான் எங்கப்பா கட்டிக்குடுத்தாரு. எப்பக் குடியரசு ஆனீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"குடிக்கலை இந்திரா, துப்பினேன்! சத்தியமா!"

"இன்னொரு சத்தியமா? பழசு இன்னும் கற்பூர வாடை போகலை." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஞாயித்துக்கிழமை மட்டும் வருவீங்களாமே. ஜெயராணி வாழ்த்துச் சொன்னா."

யோகராஜ் ஜன்னலுக்கு வெளியே மழையை அக்கறையாகக் கவனித்தான்.

வைன் சாஹப் ஐந்து கிளாஸையும் அவள் பக்கம் நகர்த்தினார். இந்திராணி ஒவ்வொன்றாக முகர்ந்தாள். முதலாவது, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதை வாய்க்கே கொண்டுபோகவில்லை. மூக்கு ஒரு தரம் உறிஞ்சியது. கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"இது வேண்டாம். ஈரச் சாக்கு வாடை."

மேனேஜர் பதறினார். ஐந்தில் அதுதான் விலை கூடியது. நாளைக்கு ஹேவ்லாக் திறப்பு விழாவில் முதலாளிக்கும் விருந்தாளிகளுக்கும் ஊற்ற வேண்டிய பாட்டில். "பாபிஜி, அது பிரான்ஸ்லேர்ந்து வந்தது!"

"எங்கேர்ந்து வந்தா என்ன? கப்பல்ல வந்த அரிசியை நான் பாத்ததில்லையா? இது பூசணம். மத்த நாலுலயும் இருக்கிறது நல்ல பூசணம், பழத்துல வந்தது. இது கெட்ட பூசணம். மூடியில வந்தது." பக்கத்தில் கிடந்த கார்க்கைச் சுட்டிக்காட்டினாள்.

வைன் சாஹப் ஜலதோஷ மூக்கோடு கிளாஸை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாய் எடுத்தார். முகம் மாறியது. எழுந்து போய் வாளியில் துப்பினார். திரும்பி வந்து மேனேஜரிடம், "இந்தம்மா சொல்வது சரி. கார்க் கெட்டிருக்கிறது. இதை நாளைக்கு ஊற்றியிருந்தால் என் மானம் கடலில்" என்றார். அப்புறம் இந்தியில் மளமளவென்று என்னென்னவோ பேசினார். நடுவில் நௌக்ரி என்ற வார்த்தை இரண்டு தரம் வந்தது. வேலை.

மேனேஜர் திருநாவுக்கரசைப் பார்த்தார். "உங்க மிஸஸ்ஸுக்குச் சொல்லுங்க."

தன் வேலையைத் தன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிறார்கள் என்ற செய்தியைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய துர்ப்பாக்கியம் வேறு எந்தப் புருஷனுக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. திருநாவுக்கரசு சாவதற்கு முன் கால் உதைப்பது போலக் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போகலாம்கிறாரு."

"நௌக்ரின்னா வீடா? பதினாலு வருஷமா கடைக்காரங்களோட நான் எந்த பாஷையிலங்க சண்டை போடுறேன்?" அவள் வைன் சாஹப் பக்கம் திரும்பி, நேராக இந்தியிலேயே பேச ஆரம்பித்தாள். பேரம் ஐந்து நிமிஷம் நடந்தது. தான் துப்புவாளே தவிர ஒரு சொட்டு விழுங்க மாட்டாள். சரி. ஹேவ்லாக்கில் குடும்ப ரூம், பல்பு வைத்த பீரோவோடு. சரி. ஊறுகாய் ஜாடிக்கு மொட்டை மாடியில் வெயில் படுகிற இடம். யோசித்து, சரி.

"ஆனா எனக்கு இங்கிலீஷ் எழுத வராது" என்றாள் கடைசியாக. "விருந்தாளிங்க படிக்கிற அட்டையில நான் சொல்றதை எழுத ஒரு ஆளு வேணும். தமிழும் தெரியணும், இங்கிலீஷும் தெரியணும். குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணின ஆளா இருந்தா நல்லது."

மூன்று பேரும் திருநாவுக்கரசைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் அவர் ஹேவ்லாக் போனார். ஃபெரியில் ஜன்னலோர சீட்டு இந்திராணிக்கு. ஆறு நாளும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே ரூம். முதல் நாள் மேஜையின் ஒரு பக்கம் இந்திராணி கிளாஸோடு உட்கார்ந்தாள். மறுபக்கம் அவர் அட்டையும் பேனாவுமாக.

அவள் உருட்டினாள், துப்பினாள், சொன்னாள். தேன். பலாச்சுளை உள் நார். வறுத்த முந்திரித் தோல். அவர் எழுதினார். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கடல் நீலமாக இருந்தது. காற்று இதமாக இருந்தது. மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. 'அருமை' என்று அவராக ஒரு வார்த்தை சேர்த்தார்.

இந்திராணி அட்டையை வாங்கிப் பார்த்தாள். எழுத வராதே தவிர, நீளம் பார்க்கத் தெரியும்.

"நான் மூணுதானே சொன்னேன். நாலாவதா என்ன?"

"அருமைன்னு போட்டிருக்கேன்."

"யாரு சொன்னது?"

"நான்தான். சும்மா... எனக்குத் தோணுச்சு."

"அடிங்க."

திருநாவுக்கரசு அடித்தார். வார்த்தையை.